இன்னொருத்தியின் பெயர் அட்டை

மேசை நிறைய பெயர் அட்டைகள்.
மழைக்கு ஒதுங்கிய அத்தனை பேரும்
ஒரே சமயத்தில் கைவிட,
என் கையில் வந்தது சுன்னிவா.

திருப்பி வைத்திருக்கலாம்.
பின்னால் நின்றவனின் குடைத் தண்ணீர்
என் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
அதோடு,
பத்தொன்பது வருடமாக நான் குன்லவுக்.
வார்டோவில் அந்தப் பெயரில் இன்னொருத்தி
கல்லறையில்தான் இருக்கிறாள்.
சட்டையில் குத்திக்கொண்டேன்.

பதினாலாம் குழு. மஞ்சள் சட்டை,
எல்லோருக்கும் ஒரே அளவு,
எனக்கு முழங்கால்வரை.
வட்டமாக நில்லுங்கள்,
பெயரும் பிடித்த விலங்கும் சொல்லுங்கள் என்றார்கள்.
அஸ்லாக், பூனை.
கலைமான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்,
அது எங்கள் வீட்டுக் கணக்குவழக்கு என்றான்.
தீரில், நீர்நாய்.
என் முறை வந்ததும்
உலகத்து விலங்கெல்லாம் எங்கோ ஓடிவிட,
சுன்னிவா, நண்டு என்றேன்.

நண்டு விலங்கா?
அரைமணி நேரம் வாக்குவாதம்.
விலங்குதான் என்று என் பக்கம் நின்றவர்கள்
இரண்டே பேர்.
அந்த வாரம் முழுக்க
அவர்களோடுதான் சாப்பிட்டேன்.

ட்ரொம்சோவில் ஆகஸ்ட் இரவு
சரியாக இருட்டுவதில்லை.
ஆயிரத்துச் சொச்சம் கல்படி ஏறி
மலைமேல் உட்கார்ந்தபோது மணி பதினொன்று,
தீரிலின் குதிகாலில் கொப்புளம்,
அஸ்லாக்கின் பையில் பழுப்புப் பாலாடைக்கட்டி,
வெட்டக் கத்தி இல்லை.
கடித்துக் கடித்துக் கைமாற்றினோம்.
சுன்னிவா சத்தமாகச் சிரிப்பவள்.
சுன்னிவா தெரியாத பாட்டுக்கும் ஆடுவாள்.
சுன்னிவாவுக்கு மீனே பிடிக்காது என்றுகூட
ஒருநாள் சொல்லிவைத்தேன்,
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.
அதற்குப் பிறகு மூன்று நாள்
அடுத்த கிண்ணத்து மீன்சூப்பை மோந்துகொண்டு
வெறும் ரொட்டி தின்றேன்.
மீன்பிடிப் படகுக்காரர் மகள்.

வியாழக்கிழமை,
விடுதியின் அடித்தளத்தில் துணி உலர்த்தும் அறை.
இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
கால் ஆட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
அவளுக்கும் முழங்கால்வரை மஞ்சள் சட்டை.
நெஞ்சில் என் பெயர்.

அவள் என் அட்டையைப் படித்தாள்.
நான் அவள் அட்டையைப் படித்தேன்.
உலர்த்திக்குள் ஏதோ பொத்தான்
டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.
வேண்டாம் என்று கை காட்டினாள்.
கடைசியில் மேசையில் மிஞ்சியது இதுதான்.
எடுத்ததும் அப்பாடா என்றிருந்தது.
ஏன் என்றேன்.
என் பெயரின் முதல் எழுத்தில்
எனக்கு நாக்கு சிக்கும்.
வேறெதிலும் அவ்வளவு இல்லை.
வட்டத்தில் நிற்கவைத்து
உன் பெயரைச் சொல் என்பார்கள் பார்,
பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பயம் அது.
இந்த வாரம் நாற்பது பேரிடம்
குன்லவுக் என்றேன்.
ஒரு தடவைகூட நிற்கவில்லை.

குன்லவுக், என்று இன்னொரு முறை
எனக்காகச் சொல்லிக் காட்டினாள்.
என் பெயரை யாரும்
அவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்
கேட்டதில்லை நான்.

உலர்த்தி முடியப் பதினோரு நிமிடம் இருந்தது.
பக்கத்து இயந்திரத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.
நண்டு விவகாரத்தைச் சொன்னேன்.
அவள் குழுவில் எல்லோரும்
குன்லவுக் படகு ஓட்டுவாள் என்று நம்புகிறார்களாம்,
இவளும் மறுக்கவில்லையாம்,
சனிக்கிழமை துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.
படகு எனக்குத் தெரியும் என்றேன்.

அப்புறம் அவளே கேட்டாள்,
ஒரு தடவை முயற்சி பண்ணட்டுமா?
ம் என்றேன்.

சு
என்று தொடங்கி அங்கேயே நின்றாள்.
தாடை இறுகியது. கண் மூடியது.
மீதி என் நாக்கு நுனியில் இருந்தது,
என் சட்டையிலும் எழுதியிருந்தது.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.
பொத்தானின் தட்டலை எண்ணினேன்.
பதினேழில்
அவள் வந்து சேர்ந்தாள்.

அட்டைகளை மாற்றிக்கொள்ளவில்லை,
ஒரு வாரத்துக்குத்தானே.
நாளைக்கு அந்த மீன்சூப்பை
இரண்டு கிண்ணம் குடித்துவிடப் போகிறேன் என்றேன்,
யார் என்ன கேட்டாலும் சரி.

அவள் முகத்தைச் சுளித்தாள்.
அவளுக்கு நிஜமாகவே மீன் பிடிக்காதாம்.